நாலு நாற்காலி வகுப்பும் பர்மாவின் பிரதிநிதியும்

சென்ற மாதம் ஒரு கல்லூரி ஆசிரியர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். என்னோடு வேலை பார்த்த நண்பரிடம் படித்தவர். அந்த உரிமையில் அடிக்கடி வருவார். அவருடைய கல்லூரியில் புதிதாக ஒரு பட்டப்படிப்பு ஆரம்பிக்கப் போகிறார்களாம். சரித்திரம், பொருளாதாரம், பூகோளம், சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பழகுகிறது, ஏன் மோதுகிறது என்பதை மூன்று வருஷம் படிப்பார்களாம். "நம்ம ஊர்ல இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லை சார்" என்றார். 'இதுவரைக்கும் யாரும்' என்று எவராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது. இதையே வெள்ளைக்காரன் காலத்தில், இதே மயிலாப்பூரில் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாங்கள் என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பி.ஏ. பாஸ் செய்தேன், சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன், சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். அந்தக் காலத்தில் பூகோள வாத்தியார் என்றால் டிரில் வாத்தியாருக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். ஒரு சமயம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகக் களிமண்ணில் ஆசியாக் கண்டம் முழுவதையும் செய்து வைத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் "பேஷ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு துறைமுகத்தைக் காட்டி, மழைக்காலத்தில் அங்கே கப்பல் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்றேன். அப்படியிருக்க ரயில் ஏன் அந்த ஊருக்குப் போகிறது என்றார். தெரியாது என்றேன். அந்தத் 'தெரியாது' அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் நான் கல்லூரி ஆசிரியர்.

அவர்தான் பேராசிரியர் ஞானப்பிரகாசம். சாந்தோம்காரர், கத்தோலிக்கர், சரித்திரத் துறைக்குத் தலைவர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக, கோயிலில் காலைப் பூசை கேட்டுவிட்டுக் கடற்கரையோரமாக நடந்தே கல்லூரிக்கு வருவார். செருப்பில் ஒட்டிய மணல் வகுப்பறை வரைக்கும் வரும். வகுப்பில் இங்கிலீஷில்தான் பேசுவார். அது அக்காலத்து விதி. இடையில் திடீரென்று தமிழுக்குத் தாவினால் விஷயம் முற்றிவிட்டது என்று பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் யாரையும் கடிந்து நான் பார்த்ததில்லை. மாணவன் உளறினால், உளறிய வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல், நிதானமாக, சிரிக்காமல் தாமே ஒரு தடவை சொல்லுவார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்ப்பார். உளறியவன் தானாகவே வாபஸ் வாங்கிக்கொள்வான். ஆசிரியர்களிடமும் அப்படித்தான். நானும் பலமுறை வாபஸ் வாங்கியிருக்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்து ஜினீவாவில் நாடுகள் கூடிப் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. நம் பையன்கள் சரித்திரத்தை ஓர் அறையிலும் பொருளாதாரத்தை இன்னோர் அறையிலும் படிக்கிறார்கள். இரண்டும் சந்திப்பது பரீட்சை மண்டபத்தில்தான் என்று பேராசிரியருக்கு ஒரு குறை. பி.ஏ. படிப்போடு சேர்த்து, விரும்புகிறவர்களுக்காகச் சனிக்கிழமை தோறும் 'உலக நடப்பு வகுப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார். நாளைக்கு இதுவே ஒரு தனிப் பட்டமாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பையன்கள் அதற்கு வைத்த பெயர் நாலு நாற்காலி வகுப்பு.

பெயருக்குக் காரணம் உண்டு. மாடி ஹாலில் மேடைமேல் நாலு நாற்காலி வரிசையாகப் போட்டிருக்கும். முதல் நாற்காலி என்னுடையது. இரண்டாவதில் பொருளாதாரம் நடத்திய கோபாலாசாரி, பொடி டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மூன்றாவதில் சனிக்கிழமை மட்டும் வந்து போகும் ஒரு வக்கீல். கடைசியில் பேராசிரியர். எந்தக் கேள்வியானாலும் மாணவன் இந்த வரிசைப்படி நாலு பேரையும் தாண்டித்தான் உட்கார முடியும். என்னிடம் வந்தால் புத்தகமில்லாமல் கரும்பலகையில் நாட்டின் படம் போட வேண்டும். மலை, ஆறு, துறைமுகம், ரயில் பாதை. பெயர் எழுதக் கூடாது. நான் விரலை வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். அடுத்து கோபாலாசாரி, அந்த நாட்டுக்குள் என்ன வருகிறது, என்ன போகிறது, யார் கப்பலில் போகிறது என்று கேட்பார். வக்கீலுக்கு ஒரே கேள்விதான்: உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது யார், போட அவருக்கு அதிகாரம் உண்டா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் சரித்திரம். சரித்திரப் பேராசிரியர் தம் பாடத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டேன். "அதை முதல்ல கேட்டா பையனுக்குக் கோபம் வந்துரும். கோபம் வந்தவன் படம் ஒழுங்காப் போட மாட்டான்" என்றார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வகுப்பில் சேருகிற அன்று பேராசிரியர் தம் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் மல்லாக்க வைப்பார். அதற்குள் நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகள். மாணவன் எடுக்கிற நாடு இரண்டு வருஷத்துக்கு அவனுடையது. அதற்காகப் படிக்க வேண்டும், சபையில் அதற்காகப் பேச வேண்டும். சீட்டை மாற்றிக்கொள்ள முடியாது. தனக்குப் பிடித்த நாட்டுக்காகப் பேசுவதற்கு மாடவீதி வம்பு போதும், கல்லூரி எதற்கு என்பார். எல்லாருக்கும் ஜப்பானோ ஜெர்மனியோ வேண்டும். கிடைப்பது சயாமும் பெருவும்.

பையன்கள் இதை விளையாட்டாக ஆரம்பித்து விபரீதமாக எடுத்துக்கொண்டார்கள். 'நாங்கள் நிலக்கரி தர மாட்டோம்', 'எங்கள் எல்லையில் நீங்கள் எப்படி வரலாம்' என்று லஸ் முனையில் நின்று சண்டை போடுவார்கள். ஜாவாவை எடுத்த பையன் ஒருவனுடைய தாயார் கபாலி கோயில் வாசலில் என்னை மடக்கினார். "எங்காத்துல ஒரு வாரமா காப்பியே வேண்டாங்கறான். கேட்டா பிரேஸிலோட தகராறுங்கறான். அந்த மனுஷாளுக்கும் இவனுக்கும் என்ன விரோதம்னு நீங்களாவது சொல்லுங்கோ" என்றார். காப்பிக் கொட்டை அதிகமாக விளைந்து விலை விழுந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்கு மந்திரிக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கும், முகத்தில் தெரிந்தது.

எல்லாமே சிரிப்பில் முடியவில்லை. தலைமுதல் கால்வரை கதர் கட்டிய ஒரு பையனுக்கு இங்கிலாந்து வந்து சேர்ந்தது. அவன் கண் கலங்கிவிட்டது. காலையில் ராட்டை சுற்றிவிட்டு, மத்தியானம் இங்கிலாந்துக்கு வக்காலத்து வாங்கினால் கூட்டாளிகள் காறித் துப்புவார்கள். சீட்டை மாற்றித் தரும்படி கேட்டான். பேராசிரியர் தமிழுக்கு வந்தார். "நீ ஜெயிலுக்குப் போகணும்னு இருக்கே. போ, நான் தடுக்கலை. உன்னை ஜெயில்ல வைக்கிறவன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டுப் போ" என்றார். பையன் இரண்டு வருஷமும் இருந்து இங்கிலாந்துக்காகப் பேசினான். பிறகு ஜெயிலுக்கும் போனான். சீட்டு மாறாது என்கிற விதி அந்தச் சம்பவத்தோடு கல்லில் வெட்டியதுபோல் ஆகிவிட்டது.

இனிமேல் காதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனையும் எழுதியது அவனைப் பற்றிச் சொல்லத்தான்.

காதர், கச்சேரி ரோட்டில் கைலிக் கடை வைத்திருந்த மஸ்தான் ராவுத்தரின் இளைய மகன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மெலிந்த உருவம், அதிராத பேச்சு. என் நாற்காலிக்கு முன்னால் அவனளவு சுத்தமாகப் படம் போட்டவன் வேறு எவனுமில்லை. அவன் எடுத்த சீட்டு பர்மா. அவனுக்கு அது ஒரு விதத்தில் வீட்டுப் பாடம் மாதிரி. ராவுத்தரின் கைலிகள் மூட்டை மூட்டையாக ரங்கூனுக்குத்தான் கப்பலேறின. அங்கே கடையைப் பார்த்துக்கொண்டவன் மூத்த மகன் இப்ராகிம். அப்பாவிடம் கேட்டுக் கேட்டே காதர் ஐராவதி ஆற்றின் கிளைகளையெல்லாம் வரைந்துவிடுவான்.

முதல் வருஷம் ஒரு தொல்லையுமில்லை. இரண்டாம் வருஷம் வினை வந்தது. பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கலாமா வேண்டாமா என்று நாடெங்கும் பேச்சாக இருந்தது. பிரித்தால், அங்கே போய்ப் பிழைக்கும் நம் ஜனங்களை இருக்க விடுவார்களா, மூட்டை கட்டச் சொல்வார்களா என்று சென்னையில் பல வீடுகளில் கவலை. ரங்கூனில் நம்மவர்களுக்கும் பர்மியருக்கும் கலகம் நடந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் வகுப்பின் ஆண்டு சபைக்கு அந்த வருஷம் எடுத்துக்கொண்ட விஷயமே இதுதான். ஆண்டு சபையென்றால் ஊரார் வந்து பார்க்க, மாணவர்கள் அவரவர் நாட்டின் பெயர்ப்பலகையோடு உட்கார்ந்து வாதாடுவது. பட்டப்படிப்பாக அங்கீகரிக்கலாமா என்று பார்க்க சர்வகலாசாலையிலிருந்து ஒரு குழுவும் வருவதாக இருந்தது. பர்மாவின் பிரதிநிதியாக எழுந்து, வெளியிலிருந்து வந்தவர்கள் வெளியேறத்தான் வேண்டும் என்று பேச வேண்டியவன் காதர்.

சபைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் என் வீட்டுக்கு வந்தார். கடையில் போகவர வணக்கம் சொல்லிக்கொள்வோமே தவிர அவர் வீட்டுப்படி ஏறி வந்தது அதுவே முதல். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடவில்லை.

"இன்னா வாத்தியாரே, எம்புள்ளைக்கு இன்னா படிப்பு சொல்லிக் குடுக்கிறீங்கோ? என் வூட்டுச் சோத்தைத் துன்னுகினு, அவன் கூடப் பொறந்த அண்ணனையே தொரத்தணும்னு சபையில பேசுவானா?"

இது பாடம், நிஜமல்ல என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அதன் பிறகு சொன்னவற்றை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். இப்ராகிம் ரங்கூனிலேயே ஒரு பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு குழந்தையும் இருக்கிறது. இங்கே தங்கை மகளை அவனுக்கென்று பேசி வைத்திருந்தவர் ராவுத்தர். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கடைக் கணக்கு விஷயம் தவிர மகனோடு வேறு பேச்சில்லை. கலகத்தின்போது கடை சூறை போயிற்று. இப்ராகிமைக் கொல்லத் தேடினார்கள். அவனைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து, வாசலில் அரிவாளோடு நின்றவர்களிடம் இங்கே யாருமில்லை என்று சொன்னவள் அந்தப் பெண்ணின் தாயார். கப்பலில் திரும்பி வந்த கூட்டாளி ஒருவன் இதைச் சொன்னானாம்.

"அது வேற, இது வேற" என்றார் ராவுத்தர். நான் ஒன்றும் கேட்காமலே அப்படிச் சொன்னார். கடைசியில் முடிவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்: காதர் அந்தச் சபையில் பர்மாவுக்காக உட்கார்ந்தால் அன்றோடு படிப்பு தீர்ந்தது, மறுநாள் முதல் அவன் கடையில்தான் உட்கார வேண்டும்.

காதர் என்னிடம் வந்து அழவில்லை. வேறு நாடு தர முடியுமா என்று மட்டும் கேட்டான். சபைக்கு வராமல் போனால் வகுப்பிலிருந்து பெயர் எடுபடும். அதுவும் விதி. உட்கார்ந்தால் வீட்டில் படிப்புக்கு முழுக்கு, உட்காராவிட்டால் இங்கே. இருதலைக் கொள்ளி எறும்பு என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்; கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு மனசே சரியில்லை. பேராசிரியரிடம் போய், ஒருமுறை, ஒரே ஒருமுறை சீட்டை மாற்றிக் கொடுங்கள் என்று மன்றாடினேன். வீட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். விதி பெரிதா, பையன் பெரிதா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் நான் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கதர்ப் பையனுக்கு மாத்திக் குடுக்கலை. இவனுக்கு மாத்தினா அவன்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ராவுத்தரை நான் கூப்பிட்டதாச் சொல்லுங்க. சபைக்கு வரட்டும். விருந்தாளிக்கு ஒரு கேள்வி உண்டு இல்லையா, அதை அவர் கேக்கட்டும்" என்றார்.

ஆண்டு சபையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் எந்த நாட்டையாவது பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். எந்த மொழியில் கேட்டாலும், தெரிந்தவரை அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும். பதில் நாட்டின் பதிலாக இருக்க வேண்டும். சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லை. தகப்பனை எதிரில் நிறுத்தி மகனை அந்தக் கூண்டில் ஏற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும் என்று எனக்குப் பட்டது. பேராசிரியர் மேல் எனக்கு வந்த ஒரே கோபம் அது. ஆனாலும் போய்ச் சொன்னேன். ராவுத்தர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேனென்றும் சொல்லவில்லை.

சபை நடந்த சனிக்கிழமை மாடி ஹால் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் குழு அங்கத்தினர்கள் மூவர். காதர் கறுப்புக் குல்லாயோடு 'பர்மா' என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் வீட்டிலிருந்து சாப்பிடாமல் வந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் ஆரம்பித்த பிறகு ராவுத்தர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. மகன் பேசுவதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே.

காதர் முதலில் கரும்பலகையில் படம் போட்டான். ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளையும் இடத்தைக் காட்டினான். அந்த அரிசிதான் மயிலாப்பூர் மளிகைக் கடையில் ரங்கூன் அரிசி என்று விற்கிறது என்றான். விளைவிக்கிறவன் கடன்பட்டு நிலத்தை விட்டுவிட்டான். கடன் கொடுத்தவன், மூட்டை தூக்குகிறவன், கடை வைத்திருக்கிறவன் எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள். தன் ஊர்த் துறைமுகத்தில் தனக்கு வேலையில்லாதவன் என்ன நினைப்பான் என்று சபையைக் கேட்டான். குரல் உயரவில்லை. நான் ராவுத்தரின் காதருகே ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தலையை அசைக்கவேயில்லை. யார் வரலாம், யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை பர்மாவுக்கு வேண்டும் என்று முடித்தான். குழுவில் ஒருவர் சபாஷ் என்று மேஜையைத் தட்டினார்.

விருந்தாளிகள் கேள்வி கேட்கலாம் என்று பேராசிரியர் அறிவித்தார். முன் வரிசையில் யாரோ வரி விஷயமாக ஒன்று கேட்டார்கள். பிறகு என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

ராவுத்தர் முன்னிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பர்மாவை ஒண்ணு கேக்கணும்" என்றார். ஹாலில் பாதிப் பேருக்கு அவர் யார் என்று தெரியும்.

"எம்மூத்த புள்ளை உங்க ஊர்ல கடை வச்சிகினு கீறான். மீசை மொளைக்காத வயசுல வந்தான். அவன யாரு ஏமாத்துனாலும் அவன் யாரையும் ஏமாத்துனதில்ல. அவன நீங்கோ இன்னா பண்ணப் போறீங்கோ?"

காதர் எழுந்து நின்றான். இவ்வளவு நேரம் இங்கிலீஷ் அவனுக்கு ஒரு திரையாக இருந்தது. இனித் தமிழில், வீட்டில் பேசுகிற தமிழில், வீட்டில் பேசக் கூடாது என்றிருந்த ஒன்றைப் பற்றி, வேறு நாட்டானாக நின்று தகப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'அத்தா' என்று அவன் வாயில் வந்துவிட்டால் போதும், அவன் பர்மா இல்லை. நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றான் காதர். "எங்க ஊருக்கு வந்தவங்க ரெண்டு மாதிரி கீறாங்க. சம்பாரிச்சத மூட்டை கட்டிகினு கப்பல் ஏறுறவங்க ஒரு மாதிரி. அவங்களை நாங்க இருக்கச் சொல்ல மாட்டோம். எங்க வூட்டுப் பொண்ணைக் கட்டிகினு, எங்க மண்ணுல புள்ளை பெத்துகினு, கலகம் வந்தப்போ எங்க ஜனமே ஒளிச்சி வச்சி காப்பாத்துனவங்க இன்னொரு மாதிரி. அவங்களை நாங்க அனுப்ப மாட்டோம். பெத்த தகப்பன் வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டோம், அவங்க எங்க ஆளு." கடைசி வரிசையை நேராகப் பார்த்தான். "உங்க புள்ளை எந்த மாதிரின்னு எங்களுக்குத் தெரியாது ஐயா. நீங்கதான் சொல்லணும்."

கேள்வி கேட்டவரையே சபை திரும்பிப் பார்த்தது. விவரம் தெரிந்தவர்கள் அந்த ஹாலில் நாலே பேர்: தகப்பனும் மகனும், பேராசிரியரும் நானும். மற்றவர்களுக்கு அது ஒரு கெட்டிக்காரத்தனமான பதில். ராவுத்தர் வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வழிவிடுவதற்காகக் காலைக்கூட மடக்கிக்கொண்டேன்.

"ரெண்டாவது" என்றார் ராவுத்தர். பிறகு, முதலில் சொன்னது காதருக்குக் கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டவர்போலக் குரலை உயர்த்தி, "ரெண்டாவது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேராசிரியர் நிமிர்ந்தார். அடுத்த நாடு பேசலாம் என்றார், வழக்கமான இங்கிலீஷில், வழக்கமான குரலில். சயாம் எழுந்து ஏதோ பேசியது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பட்டமளிப்பு விழா, மகாநாடு என்று பிற்காலத்தில் எத்தனையோ பெரிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதர் தம் பிடிவாதத்தை அத்தனை பேர் முன்னால் கீழே இறக்கி வைத்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எங்கள் வகுப்பு பட்டப்படிப்பாகவில்லை. குழு எங்களை நன்றாகத்தான் பாராட்டியது. ஆனால் நாலு பாடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவன் எதிலும் தேற மாட்டான் என்பது அவர்கள் கருத்து. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று பழமொழியையே சொல்லிக் காட்டினார் ஓர் அங்கத்தினர். கோபாலாசாரி பொடியைப் போட்டுக்கொண்டு, ஒரே மரத்தைக் கண்ட தச்சன் கட்டிய வீட்டில் இவரைக் குடிவைக்க வேண்டும் என்று எங்கள் காதோடு சொன்னார். பேராசிரியர் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை சனிக்கிழமை வகுப்பு நடந்தது, அவரோடு நின்றது. நாலு நாற்காலியும் நாலு அறைக்குப் போயின. நான் மறுபடி பூகோளம் மட்டும் நடத்தினேன். வேலையில் குறையொன்றுமில்லை. ஆனால் படம் போட்டு முடித்த பையன் எனக்கு அடுத்த நாற்காலிக்கு நகராமல் நேரே போய்த் தன் இடத்தில் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் பாதியில் எழுந்து போகிறான் என்றே எனக்குத் தோன்றும்.

என்னைப் பார்க்க வந்த ஆசிரியர், புதுப் படிப்பில் எந்தப் பாடத்தை முதலில் வைக்கலாம் என்று கேட்டார். படத்தை வையுங்கள், சரித்திரத்தைக் கடைசியில் வையுங்கள் என்றேன். காரணமும் சொன்னேன். எழுதிக்கொண்டார். செய்வாரா என்று தெரியாது.

காதரைப் பற்றி அவர் கேட்டார். காதர் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். பி.ஏ. முடித்தான். பிறகு வெகுகாலம் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அந்தத் திங்கட்கிழமை அவன் வருவான் என்பது எனக்குச் சனிக்கிழமை சாயங்காலமே தெரியும்.

சபை கலைந்து நான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கச்சேரி ரோட்டில் எனக்குச் சற்று முன்னால் தகப்பனும் மகனும் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கலாம், அவ்வளவு இடைவெளி. அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு நான் நடையைக் குறைத்தேன். தெருமுனையில் ராவுத்தர் நின்றார்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னாடா?" என்றார்.

"மா மியா" என்றான் காதர்.

ராவுத்தர் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். நாக்கு சரியாகப் புரளவில்லை. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். காதர் சொன்னான். அவரும் சொன்னார்.

"புள்ளை பேரு?" என்றார்.